கலங்கும் விசுவாசிகளுக்கு: வங்காலை மக்களுக்கு ஒரு திறந்த மடல்

மன்னார்க் கரையின் வங்காலையிலும் அதைச் சூழ்ந்த கரையூர்களிலும் வாழ்கின்றவர்களும், அங்கிருந்து புறப்பட்டு மண்டபம் அகதி முகாமிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் குடியேறியவர்களுமான, மனம் கலங்கிய என் சகோதர சகோதரிகளுக்கு,



தபசு காலம் அண்மித்து வருகிறது. சாம்பல் புதனன்று நெற்றியில் சிலுவை இடப்பெற்று, வெள்ளிதோறும் சிலுவைப்பாதை செய்து, பாஸ்காவுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கும் இந்த நாள்கள், நம்மவருள் பெரும்பாலோருக்கு ஆறுதலும் ஆயத்தமும் தரும் நாள்களாகவே இருக்கின்றன. ஆயினும், இக்காலம் நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கத் தொடங்குகின்ற சிலர் உங்களிடையே இருக்கிறீர்கள் என்பதை நான் அறிவேன். பாவத்தைச் சொல்லி முடித்த பின்னும் சொல்லாமல் விட்டது ஏதேனும் உண்டோ என்று நடுங்குகிறவர்கள், தங்கள் உயிர் தப்பியதையே ஒரு குற்றமாகச் சுமக்கிறவர்கள், திருப்பலியில் எல்லோரும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது உதடு மட்டும் அசைய உள்ளம் ஊமையாய் நிற்கிறவர்கள் ஆகிய உங்களுக்கே இந்த மடல். எழுதுகிறவன் குருவானவன் அல்லன். வேதசாஸ்திரம் கற்றுத் தேர்ந்தவனும் அல்லன். இந்தக் கரையில் பிறந்து, மறைக்கல்வி வகுப்பில் நெடுங்காலம் பிள்ளைகளோடும் அவர்களுடைய பெற்றோரோடும் பழகிய ஓர் இல்லறத்தான். சொல்ல வந்தது ஒன்றுதான்: உங்கள் கலக்கம் பாவம் அன்று, தேவன் உங்களைக் கைவிட்டதற்கு அடையாளமும் அன்று, ஆனால் அதனைத் தனியே சுமப்பது ஆபத்து.

முதலில் குற்றவுணர்வைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆலயத்தில் நாம் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுகிற ஒரு காட்சி உண்டு. ஒரு தாய் பாவசங்கீர்த்தனம் செய்து எழுகிறாள். குருவானவர் விதித்த அபராதத்தை முழந்தாளிட்டுச் செபிக்கிறாள். பின்பு நற்கருணைக்கு மக்கள் வரிசையாகச் செல்லும்போது தானும் எழுந்து இரண்டடி வைக்கிறாள். அந்த இரண்டடிக்குள், சிறுவயதில் மாமியிடம் சொன்ன பொய்யை இன்னும் சொல்லவில்லையே என்றோ, சொன்னேன் ஆயினும் சரியாகச் சொல்லவில்லையே என்றோ ஓர் எண்ணம் குத்த, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெல்லத் திரும்பித் தன் இடத்தில் அமர்ந்துவிடுகிறாள். இன்னொருவர் செபமாலை சொல்லும்போது, ஒரு மணியில் மனம் சிதறிவிட்டதென்று எண்ணிப் பெருவிரலை அதே மணியில் வைத்தபடி அந்த அருள்நிறை மந்திரத்தை மறுபடியும், அதற்கு மறுபடியும் சொல்லி, ஐம்பத்துமூன்று மணிகளைக் கடப்பதற்குள் களைத்துப்போகிறார். இவர்கள் பக்தியிற் குறைந்தவர்கள் அல்லர். தேவனை மனம் நோகச் செய்துவிடக்கூடாதே என்ற ஏக்கமே இவர்களை இவ்வளவு தூரம் வருத்துகிறது.

இந்த வேதனை நமக்கு மட்டும் உரியதன்று. நம்முடைய கரைக்கு வேதம் வந்த வழியைச் சற்றே பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, 1544 இல் மன்னார் மக்கள் கேட்டுக்கொண்டபோது அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒரு குருவை அனுப்பிவைத்தவர் அர்ச்சியசிஷ்ட சவேரியார். அந்தச் சவேரியாரைக் கீழ்த்திசைக்கு அனுப்பியவர் இஞ்ஞாசியார். யுத்தத்தில் கால் முறிந்து மனந்திரும்பிய அந்த இஞ்ஞாசியார், 1522 இல் மொன்செராத் மலையிலே தம் வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதி, மூன்று நாள்களாகப் பாவசங்கீர்த்தனம் செய்தவர். அவ்வளவு செய்தும் மன்ரேசா என்னும் ஊரில் தங்கியிருந்த மாதங்களில், ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்ற எண்ணம் அவரை விடாமல் துரத்தியது. மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனம் செய்தார், ஆறுதல் வரவில்லை. அறையிலிருந்த ஒரு பெரிய துவாரத்தின் வழியாய்க் குதித்து உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம்கூட அவருக்கு வந்தது. தேவன் விடுதலை தரும்வரை உண்ணமாட்டேன் என்று ஒரு வாரம் உபவாசம் இருந்தார், அதையறிந்த ஆத்தும குரு, உபவாசத்தை விடு என்று கட்டளையிட்டார், அவர் கீழ்ப்படிந்தார். கடைசியில், கழிந்த பாவங்களை இனி ஒருபோதும் மறுபடி சொல்லுவதில்லை என்று தீர்மானித்த பின்னரே அவருக்கு அமைதி வாய்த்தது. மன்னார்க் கரையில் சிலுவை நாட்டப்பட்டதற்குக் காரணமானவர்களின் வரிசையில், பாவப் பயத்தினால் சாவின் விளிம்புவரை போய் மீண்ட ஒருவர் நிற்கிறார் என்பதை நினைக்குந்தோறும் எனக்குத் தேற்றரவு உண்டாகிறது.

அப்படி மீண்டவர் பின்னர் தம் ஞானப் பயிற்சி நூலில் இத்தகையோருக்கென்றே சில குறிப்புகளை எழுதிவைத்தார். வழியில் இரண்டு வைக்கோல் துரும்புகள் சிலுவைபோல் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்க, அவற்றைத் தற்செயலாக மிதித்துவிட்டவன், ஐயோ பாவம் செய்துவிட்டேனே என்று முடிவு கட்டுவானாகில், அது மனச்சாட்சியின் குரல் அன்று, வெறும் தவறான தீர்ப்பு என்கிறார் அவர். அதுமட்டுமன்று; மென்மையான மனச்சாட்சி உடையவனை மேலும் மேலும் மென்மையாக்கிக் கலங்கடிப்பதே சத்துருவின் தந்திரம் என்றும், அப்படிப்பட்டவன் எதிர்ப்புறமாகச் சாய்ந்து நடுநிலைக்கு வரவேண்டும் என்றும் அவர் உபதேசிக்கிறார். ஆகவே, இந்த ஓயாத நடுக்கத்தை இஸ்பிரீத்துசாந்துவின் தூண்டுதல் என்று எண்ணி அதற்கு அடிபணிவது பக்தியாகாது.

சின்னக் குறிப்பிடத்தில் நாம் எல்லோரும் படித்தது நினைவிருக்கும்: ஒரு செயல் சாவான பாவமாவதற்குக் காரியம் கனமானதாயிருக்க வேண்டும், அது கனமானதென்ற முழு அறிவு இருக்க வேண்டும், முழுச் சம்மதத்தோடு செய்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் அன்று. அழையாமல் வந்து மனத்தைக் குத்துகிற எண்ணத்துக்குச் சம்மதம் எங்கே? நித்திரையில் வந்ததற்குச் சம்மதம் எங்கே? திருப்பலி நேரத்தில் சிலுவையை நோக்கும்போதே ஒரு தூஷணச் சொல் உள்ளத்தில் எழும்பி உங்களை உறையவைக்குமானால், நீங்கள் உறைந்துபோனதே நீங்கள் சம்மதிக்கவில்லை என்பதற்குச் சாட்சி. அத்தகைய எண்ணத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அதனை ஆராயவும் வேண்டாம். வந்த வழியே போகட்டும் என்று விட்டுவிட்டுச் செபத்தைத் தொடருங்கள். மறந்துபோய்ச் சொல்லாமல் விட்ட பாவமும், மனஸ்தாபத்தோடு செய்த பாவசங்கீர்த்தனத்தில் மன்னிக்கப்பட்டே போகிறது. பொத்தி முடித்த வலையை, முடிச்சுச் சரிதானா என்று நாள்தோறும் பிரித்துப் பார்ப்பவன் வலையைத்தான் கெடுப்பான், தொழிலுக்குப் போகமாட்டான்.

ஆதலால் இந்த வேதனை உடையவர்கள் ஒரே ஒரு குருவானவரைத் தெரிந்துகொண்டு, தம் நிலைமையை ஒருமுறை முழுதாக அவரிடம் எடுத்துச் சொல்லி, அவர் போதும் என்றால் போதும் என்று கீழ்ப்படிவது நலம். குருவை மாற்றி மாற்றிப் போவதும், ஒரே பாவத்தைப் பலரிடம் சொல்லிப் பார்ப்பதும் தாகம் தீர்க்க உப்புத் தண்ணீர் குடிப்பதாகவே முடியும் என்று அனுபவப்பட்ட குருக்கள் சொல்வதுண்டு. தமிழில் அச்சேறிய ஆதி நூல்களுள் ஒன்று, அன்றிக் அடிகளார் 1580 இல் கொச்சியில் அச்சிட்ட பாவசங்கீர்த்தன நூலாகும் என்பதையும் இங்கே நினையுங்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களின் கையில் ஆதியிலே கொடுக்கத் தக்கவை எவையென்று தேர்ந்தவர்கள், பாவச் சுமையை இறக்கிவைக்கும் வழியையும் தேர்ந்தார்கள்; இறக்கிவைத்ததைத் திரும்ப எடுத்துத் தலையில் ஏற்றுவதற்கு அவர்கள் அந்தப் பிரயாசை எடுக்கவில்லை.

இனி, வேறொரு குற்றவுணர்வு இருக்கிறது. அது பாவத்திலிருந்து வந்ததன்று, உயிர் தப்பியதிலிருந்து வந்தது. நம் ஊர் பட்டதை நான் உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1985 ஆம் ஆண்டு ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாள். அந்த நாளில் பங்குத் தந்தை மேரி பஸ்ரியன் அடிகளார், புனித ஆனாள் ஆலய வளாகத்திலேயே இராணுவத்தினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊரார் சிலரும் உடன் மாண்டனர். தங்கள் மேய்ப்பனுடைய உடலை மண்ணிட்டு அடக்கம் செய்யும் பாக்கியம்கூட அவருடைய மந்தைக்குக் கிடைக்கவில்லை. 1990 இல் யுத்தத்தினால் ஊர்கள் வெறுமையாகி, வள்ளங்களில் ஏறி இராமேசுவரம் போனவர்கள் எத்தனையோ பேர். 2006 ஜூன் மாதத்தில் நம் ஊரில் ஒரே வீட்டிலே தாய், தந்தை, இரண்டு சின்னஞ்சிறு பிள்ளைகள் நால்வரும் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாள்களில் பேசாலையிலே ஆலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மேல் குண்டு வீசப்பட்டது.

இவற்றையெல்லாம் கண்டு உயிரோடிருக்கிறவர்களில் சிலர், நான் ஏன் பிழைத்தேன், அன்று அவனை வெளியே போகாதே என்று தடுத்திருந்தால், அந்த வீட்டுச் சத்தம் கேட்டபோது கதவைத் திறந்திருந்தால் என்று இருபது முப்பது ஆண்டுகளாகத் தம்மைத் தாமே விசாரித்துத் தண்டித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால், குருவானவர் என்ன மன்னிப்புக் கொடுப்பார்? மன்னிப்பதற்கு அங்கே பாவமே இல்லை. கொன்றவனுடைய பாரத்தைக் கொல்லப்பட்டவனின் உறவினர் சுமப்பது நீதியும் அன்று, தேவ சித்தமும் அன்று. அந்த இரவில் கதவைத் திறக்காமல் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு தரையில் கிடந்த தாய் எந்தக் கட்டளையையும் மீறவில்லை. இது துக்கம், ஆற்றப்படாத துக்கம். துக்கத்துக்கு வேண்டியது பாவப் பொறுத்தல் அன்று. கூட இருந்து அழுவார் வேண்டும்.

மெய்யாகவே தவறியவர்களும் நம்மிடையே உண்டு. பயத்தினால் ஒருவரைக் காட்டிக்கொடுத்தவர்கள், பேராசையால் அயலானின் நிலத்தை எழுதிக்கொண்டவர்கள், பெற்ற தாயைக் கடைசிக் காலத்தில் கவனியாது விட்டவர்கள். அவர்களுக்கு நான் குற்றமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் சுவிசேஷத்தில் ஒரே இரவில் இரண்டு சீஷர்கள் ஆண்டவருக்குத் துரோகம் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இருவரும் மனம் நொந்தார்கள். யூதாஸ் தன் குற்றத்தைத் தானே தீர்ப்பிட்டுத் தனியே போனான். இராயப்பர் அழுதார், ஆயினும் மற்றவர்களை விட்டுப் போகவில்லை. தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு மறுதலித்தவரை, திபேரியாக் கடற்கரையில் ஒரு கரிநெருப்பின் பக்கத்திலே ஆண்டவர் மறுபடி சந்திக்கிறார்; இரா முழுதும் பாடில்லாமல் அலைந்து களைத்து வந்தவருக்கு நெருப்பில் மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, உண்ணச் சொல்லி, அதன் பின்பே பேசுகிறார். எத்தனை தடவை மறுதலித்தாய் என்று கணக்குக் கேட்கவில்லை. என்னை நேசிக்கிறாயா என்று கேட்டு, மேய்ப்பனின் வேலையை அவர் கையிலே கொடுத்தார். ஈடுசெய்யக் கூடியதை ஈடுசெய்யுங்கள். நிலம் என்றால் திருப்பிக் கொடுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் உயிரோடிருந்தால் அவர் வீட்டு வாசலுக்குப் போங்கள். அதற்குமேல் உங்களை நீங்களே தண்டிப்பதற்கு உங்களுக்கு அதிகாரம் இல்லை.

அடுத்தது பயம். சில வீடுகளிலே இன்றும் நாய் குரைத்தால் எழுந்து, தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்து, படுத்து, மறுபடி எழுந்து தொட்டுப் பார்க்கிறார்கள். காரணமில்லாமல் நெஞ்சு அடைக்கிறது, கை வியர்க்கிறது, பிள்ளை கடலிலிருந்து திரும்ப அரைமணி பிந்தினால் செத்த வீடு கண்முன் வந்து நிற்கிறது. இதனைச் சிலர் விசுவாசக் குறைவு என்கிறார்கள். சிலர் சாபம் என்றும், பேய் என்றும் சொல்லி, இந்தச் செபக் கூட்டத்திலிருந்து அந்தச் செபக் கூட்டத்துக்கு நோயாளியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ‘மனவடு’ என்ற நூலைத் தமிழில் எழுதி, போர் மனத்தில் பதிக்கும் காயம் எப்படி உடம்பிலும் உறக்கத்திலும் உறவிலும் வெளிப்படும் என்பதை நம் மக்களுக்கு விளங்கும்படி எடுத்துரைத்தார். காலில் முள் ஏறிப் புரையோடினால் ஆசுபத்திரிக்குப் போவதை எவரும் அவிசுவாசம் என்று சொல்வதில்லை. மனத்தில் ஏறியதற்கும் அதே நியாயம்தான். முன்னே சொன்ன ஓயாத பாவப் பயமும், திரும்பத் திரும்பச் செபத்தைச் சொல்லத் தூண்டும் நிர்ப்பந்தமும் பலருக்கு வைத்தியத்தினால் தணியக்கூடிய நோயே. குருவானவரிடம் போவதும் வைத்தியரிடம் போவதும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல. நல்ல குருவானவர் உங்களை வைத்தியரிடமும் அனுப்புவார்.

வாழ்வை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறவர்களுக்கு ஒரு சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த எண்ணம் வந்ததற்காக வெட்கப்படாதீர்கள். மேலே சொன்ன அர்ச்சியசிஷ்ட இஞ்ஞாசியாருக்கே அது வந்தது. ஆனால் அதனோடு ஓரிரவும் தனியே இருக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரையோ, கன்னியரையோ, குருவானவரையோ எழுப்புங்கள்; எந்த நேரமானாலும் எழுப்புங்கள். இலங்கையில் எங்கிருந்தும் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி கிடைக்கும். தம் வீட்டில் ஒருவரை அப்படி இழந்தவர்களுக்கும் சொல்கிறேன்: கடுமையான மனவேதனையும் பயமும் ஒருவனுடைய பொறுப்பைக் குறைக்கும் என்றும், தாமே உயிரை மாய்த்தவர்களின் இரட்சணியத்தைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், 1992 இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலிலே திருச்சபை போதிக்கிறது. நரகத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்துகிறவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம், இறந்தவருக்காகச் செபியுங்கள்.

கடைசியாகச் சந்தேகம். எல்லாவற்றிலும் இதுவே அதிகம் மறைத்து வைக்கப்படுகிறது. செபமாலையும் திருநாளும் கொடியேற்றமும் கூடு சுற்றுதலும் ஊரின் மூச்சாயிருக்கிற இடத்திலே, தேவன் இருக்கிறாரா, இருந்தால் அன்று எங்கே இருந்தார் என்று கேட்பவனுக்குப் பேச இடமில்லை. தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயத்துக்குப் போகும்போது, 1544 இல் யாழ்ப்பாண அரசனின் வாளுக்குத் தலை கொடுத்த ஏறக்குறைய 600 பேரை நினைத்து, அவர்கள் உயிரைக் கொடுத்த விசுவாசத்தை நான் ஒரு கேள்வியில் இழந்துவிட்டேனே என்று அவன் மேலும் குன்றிப்போகிறான். அந்த வேதசாட்சிகள் ஞானஸ்நானம் பெற்றுச் சில மாதங்களே ஆனவர்கள். அவர்கள் வேதசாஸ்திரத்தின் எல்லாக் கேள்விகளுக்கும் விடை கண்டு முடித்தபின் சாகவில்லை. தெரிந்த சிறிதளவில் நிலைத்து நின்றார்கள். உங்களிடமும் கேட்கப்படுவது அவ்வளவே.

மேரி பஸ்ரியன் அடிகளாரைப் போன்ற ஒரு மேய்ப்பனைத் தன் ஆலயத்திலேயே சாகவிட்ட தேவன் எப்படிப்பட்டவர் என்று ஒருவன் கேட்பானாகில், அவன் வாயை நான் அடைக்கமாட்டேன். அதற்கு எல்லோரையும் திருப்திப்படுத்தும் பதில் என்னிடம் இல்லை. இருக்கிறதென்று சொல்பவரை நான் நம்புவதும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி திருச்சபைக்குப் புதியதன்று. அது வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறது. யோபு கேட்டான். சங்கீதங்களிலே 88 ஆவது சங்கீதம் ஆறுதலான முடிவொன்றும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. ஆயினும் அது செபம் என்றே எண்ணப்பட்டு இன்றளவும் திருச்சபையால் ஓதப்படுகிறது. சிலுவையிலே தொங்கிய சுதனே ஏன் என்னைக் கைவிட்டீர் என்று பிதாவைக் கேட்டார். உயிர்த்தெழுந்தவரை மலையிலே கண்டு பணிந்த பதினொருவரில் சிலர் அப்போதும் ஐயுற்றார்கள் என்று மத்தேயு மறைக்காமல் எழுதுகிறார். ஐயுற்றவர்களை ஒதுக்கி நிறுத்திவிட்டு மற்றவர்களை மட்டும் ஆண்டவர் உலகுக்கு அனுப்பினார் என்று அவர் எழுதவில்லை.

குழந்தை இயேசுவின் தெரேசம்மாளின் படம் நம்முடைய வீடுகள் பலவற்றில் ரோசாப் பூக்களோடு தொங்குகிறது. அந்தப் படத்தைப் பார்ப்பவர்களில் எத்தனைபேருக்குத் தெரியும், அவள் சிறுமியாயிருந்தபோது ஓராண்டுக்கு மேலாக இதே பாவப் பயத்தினால் வாடினாள் என்று? 1896 ஆம் ஆண்டு பாஸ்காக் காலத்தில் தொடங்கி, 1897 இல் தன் இருபத்துநான்காவது வயதில் காசநோயால் சாகும்வரை, மோட்சம் என்பது ஒன்று உண்டோ என்ற இருள் அவளைச் சூழ்ந்திருந்தது. அந்த இருளிலே தன்னை அவிசுவாசிகளோடு ஒரே பந்தியில் அமர்ந்தவளாக எண்ணிக்கொண்டு, உணர்ச்சியில் விசுவாசத்தின் இன்பம் ஒன்றும் இல்லாதபோதும் விசுவாசத்துக்கு உரிய செயல்களைச் செய்துகொண்டே போனாள். அவளைத்தான் திருச்சபை 1997 இல் வேதபாரகியாக உயர்த்திற்று. கல்கத்தாவின் தெரேசா அன்னையும் பல பத்தாண்டுகள் தேவனுடைய பிரசன்னத்தை உணராமலேயே வறியவர்களைத் தூக்கிச் சுமந்தார் என்பதை அவர் மறைந்து பத்தாண்டுகள் சென்று வெளியான கடிதங்கள் காட்டின. விசுவாசம் ஓர் உணர்ச்சி அன்று. இருட்டிலும் கையை விடாதிருத்தலே விசுவாசம். கையை நாம் விட்டாலும் அவர் விடமாட்டார் என்பது நம் நம்பிக்கை.

நம் முன்னோரிடம் இதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 1658 இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபின், 1687 இல் யோசேப்பு வாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்த நாட்டு விசுவாசிகளுக்குக் குருவானவர் இல்லை, திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. 1670 இல் மாந்தையிலிருந்து மாதாவின் சுருபத்தைச் சுமந்து மடுக் காட்டுக்குள் புகுந்த குடும்பங்கள், தங்கள் பாவங்களைச் சொல்ல ஒருவரும் இல்லாமல், உத்தம மனஸ்தாப மந்திரத்தை நம்பியே வாழ்ந்து செத்தார்கள். பாவசங்கீர்த்தனத்தில் ஒரு சொல் தவறியதற்காக மோட்சத்தை இழந்துவிடுவேன் என்று நடுங்குகிறவரே, அந்தக் காட்டில் செத்தவர்களைத் தேவன் தள்ளிவிட்டாரென்று நீர் சொல்லத் துணிவீரா? துணியமாட்டீர். அவர்களுக்கு இரக்கம் காட்டியவர் உமக்கும் காட்டுவார்.

சந்தேகத்தோடு செபிப்பதெப்படி என்று கேட்பவர்களுக்கு, நம்முடைய தபசு காலமே வழி காட்டுகிறது. யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தை ஒருவர் ஓலமிட்டு வாசிக்க, மக்கள் அழுதபடி கேட்டிருந்த இரவுகளை மூத்தவர்கள் அறிவார்கள். கேள்வியையும் ஓலத்தையும் அழுகையையும் ஆலயத்துக்கு வெளியே நிறுத்தாமல், பீடத்தின் முன்னேயே அவற்றுக்கு இடம் கொடுத்தவர்கள் நம் முன்னோர். ஆதலால் சந்தேகப்படுகிறவன் ஆலயத்தை விட்டு விலக வேண்டியதில்லை. விசுவாசப் பிரமாணம் சொல்ல நா எழவில்லையானால், அன்று சும்மா நில்லும். பக்கத்தில் நிற்பவர் உமக்காகவும் சேர்த்துச் சொல்லுவார். அதற்காகத்தான் நாம் அதனைக் கூடிநின்று சொல்லுகிறோம்.

இனி, கலக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியரே, செபக்குழுத் தலைவரே: பயந்தவனை விசுவாசம் காணாது என்று கடியாதீர்கள். பிள்ளைகளுக்குப் பாவத்தைக் கற்பிக்கும்போது நரகத்தைக் கற்பித்த அளவுக்காவது பிதாவின் இரக்கத்தையும் கற்பியுங்கள். கேள்வி கேட்கிற இளைஞனைப் பிடிவாதக்காரன் என்று ஒதுக்காமல், உன் கேள்வியை நானும் சுமக்கிறேன் என்று அவனருகில் அமருங்கள். ஜனவரி 6 இல் மேரி பஸ்ரியன் அடிகளாரை நினைவுகூரும்போது, அவரை இழந்ததனால் இன்றுவரை உறக்கம் இழந்தவர்களையும் நினைவுகூர்ந்து, அவர்களின் வீட்டுக்குப் போங்கள்.

கலங்கியவர்களே, உங்களுக்கு என் முடிவான வார்த்தை இது. இந்தத் தபசு காலத்தில் புதிய விரதங்களை உங்கள்மேல் ஏற்றிக்கொள்ள வேண்டாம். ஒரு குருவானவரிடம் ஒருமுறை மனம் திறந்து பேசுங்கள். அவர் சொன்னதோடு நிறுத்துங்கள். உறக்கம் கெட்டிருந்தால் வைத்தியரைக் காணுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது உங்கள் பாரத்தைச் சொல்லுங்கள். நற்கருணை வரிசையிலிருந்து பாதி வழியில் திரும்பாதீர்கள். வைத்த அடியை முன்னே வையுங்கள். நம்முடைய இருதயம் நம்மைக் குற்றவாளி என்று தீர்த்தாலும், தேவன் நம் இருதயத்திலும் பெரியவர் என்று அப்போஸ்தலராகிய அருளப்பர் போதித்திருக்கிறார். அந்தப் போதனையை நம்பி வாருங்கள்.

கிறிஸ்துவில் உங்கள் சகோதரன்,
மன்னார்க் கரையின் மறைக்கல்வி ஆசிரியன் ஒருவன்